குழந்தைகளோடு செய்த காகிதக் காற்றாடி சுற்றவே மாட்டேன் என்கிறதே, ஏன்?

பெரும்பாலும் கோளாறு ஊசி போகும் ஓட்டையில்தான் இருக்கும். முதலில் செய்முறையைச் சரிபார்த்துக்கொள்வோம்.

15 செ.மீ. சதுரத் தாளை மூலைக்கு மூலை மடித்துப் பிரியுங்கள். மடிப்புக் கோட்டின் வழியே நான்கு மூலையிலிருந்தும் வெட்டி, நடுப்புள்ளிக்கு 2 செ.மீ. முன்பே நிறுத்திவிடுங்கள். கிடைக்கும் எட்டு முனைகளில் ஒன்று விட்டு ஒன்றை நடுவுக்கு வளைத்துக் குண்டூசி குத்துங்கள். அழுத்தி மடித்துவிடாதீர்கள், காற்று வந்து மோத அந்த வளைவு வேண்டும்.

அப்புறம்தான் முக்கியமான வேலை. ஊசியைச் சுழற்றிச் சுழற்றி ஓட்டையைக் கொஞ்சம் தளர்த்துங்கள்; ஊசித்தலை உள்ளே போய்விடக் கூடாது. தாளுக்கும் குச்சிக்கும் நடுவே ஒரு பாசிமணி கோத்தால் உரசல் போய்விடும். காய்ந்த சோளத்தட்டையில் ஊசி லேசாக இறங்கும். பின்னால் நீட்டும் முனையைப் பெரியவர்களே மடக்கிவிடுங்கள்.

எங்கள் செங்கோட்டைப் பக்கம் ஜூனில் ஆரியங்காவுக் கணவாய்க் காற்று இறங்கிவிடும். கூடவே சாரலும் வரும். நோட்டுத்தாள் நனைந்து தொங்கிவிடும். வழவழப்பான பழைய காலண்டர் தாள் தாங்கும்.

சுற்றுவது ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். வளைவு காற்றை ஒரு பக்கம் திருப்பிவிடுகிறது, காற்று தாளை மறுபக்கம் தள்ளுகிறது. விட்டுவைத்த நான்கு முனைகளை வளைத்து இன்னொன்று செய்து கொடுங்கள். அது எதிர்த்திசையில் சுற்றும். இரண்டையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு தெருவில் ஓடவிடுங்கள்.