கப்பல்ல கலகம், நம்ம ஊர்ல கேள்வி: வாசகர் கேள்வி பதில்

கே: அண்ணே, பவுண்டிங்கற பிரிட்டிஷ் கப்பல்ல மாலுமிங்க கேப்டன எதிர்த்து பண்ண கலகத்த வெச்சு மூனு இங்கிலீஷ் படம் இருக்காமே, மாங்கா சீசன் முடிஞ்சு இப்ப சும்மாதான் இருக்கேன், எத மொதல்ல பாக்கறது? அந்த கேப்டன் நெஜமாவே அவ்ளோ கொடூரமான ஆளா?
- மண்டிக்கார வாசகர், கிருஷ்ணகிரி

ப: ஊமைப்பட காலத்துல இருந்தே எடுத்துட்டுதான் இருக்காங்க, ஆனா உக்காந்து பாக்க வேண்டியது 1935, 1962, 1984னு மூனுதான். என்னைக் கேட்டா 1984ல வந்தத மொதல்ல பாருங்க, அந்தோணி ஹாப்கின்ஸ் கேப்டன் பிளை, மெல் கிப்சன் கலகத் தலைவன் ஃபிளெட்சர் கிறிஸ்டியன். ஏன் சொல்றேன்னா அதுல ரெண்டு பேரு மேலயும் நமக்குக் கோவம் வரும், ரெண்டு பேரு மேலயும் பாவமும் வரும். 1935 படத்துல சார்லஸ் லாட்டன் மூஞ்ச பாத்ததுமே தெரிஞ்சுரும் இவன்தான் வில்லன்னு, செத்துப்போனவன் முதுகுலயும் சாட்டையடி விழுந்தாகணும்னு நிக்கிற ஆளு, நடிப்பு பிரமாதம், அதுல மாத்துக் கருத்தே இல்ல, ஆனா அந்த சீன் சுத்தக் கற்பனை. கடைசில பிளையே இன்னொரு கப்பல எடுத்துட்டு கலகக்காரங்களத் தேடிப் போற மாதிரி காட்டுவாங்க பாருங்க, அதுவும் நடக்கல, பண்டோரா கப்பல்ல போனது எட்வர்ட்ஸ்னு வேற கேப்டன்.

நெஜ பிளை அந்தக் கால மத்த கேப்டனுங்களோட ஒப்பிட்டா சாட்டைய கம்மியாதான் எடுத்தாரு. ஆளுக்கு சனி நாக்குலதான். எல்லார் முன்னாடியும் வெச்சு கத்துறது, அசிங்கமாத் திட்டுறது, அஞ்சு நிமிஷம் கழிச்சு ஒன்னுமே நடக்காத மாதிரி சாப்பிடக் கூப்புடுறது. கலகத்துக்கு மொதநாள் என்ன சண்டைனு நெனைக்கிறீங்க, தேங்கா! டெக்குல குவிச்சு வெச்ச தேங்கால குறையுதுன்னு கிறிஸ்டியன திருடன்னு சொல்லிட்டாரு. மறுநாள், 1789 ஏப்ரல் 28 விடியக்காத்தால, பிளைய நைட் டிரஸ்ஸோட கையக் கட்டி இழுத்துட்டு வந்துட்டாங்க. அதுக்கு முன்னாடி அஞ்சு மாசம் தாஹிட்டி தீவுல ஜாலியா இருந்துட்டு மறுபடி கப்பல் வாழ்க்கைக்கு வந்தவங்க, அந்த ஏக்கமும் உள்ள இருந்திருக்கும், வெறும் தேங்காய்க்காக யாரும் தூக்குக்கயித்துக்குத் துணிய மாட்டாங்க.

இதே பிளை பின்னாடி ஆஸ்திரேலியாவுல நியூ சவுத் வேல்ஸ் கவர்னரா போனாரு, 1808ல அங்கயும் பட்டாளத்துக்காரங்களே அவர அரெஸ்ட் பண்ணிட்டாங்க. ஒரு எடத்துல நடந்தா எதிராளி சரியில்லைன்னு சொல்லலாம். ஆனா மாலுமி வேலைல ஆளு சூரன், பவுண்டி கலகத்தப்போ அவர 23 அடி படகுல கூட 18 பேர ஏத்தி கடல்ல விட்டாங்க, கைல சரியான மேப் கூட இல்ல, சுமார் 3,600 கடல் மைல் ஓட்டி திமோர் தீவுல கரை சேத்தாரு. வழில ஒரு தீவுல ஒருத்தர அங்க இருந்த ஜனங்க கொன்னுட்டாங்க, பட்டினில கடல்ல ஒருத்தர் கூட சாகல. இதையும் 1984 படம் விட்டுடாம காட்டுது, அதனாலதான் அது மொதல்ல.

1962? மார்லன் பிராண்டோவுக்காகவும் கலருக்காகவும் ஒரு தடவை. ரொம்ப நீளம்.

கே: ஒரு செடிக்காக கப்பல் அனுப்புவாங்களா சார்? நம்பவே முடியல.
- ஒரு டீச்சர், பாலக்கோடு

ப: அனுப்பினாங்க மேடம், பவுண்டி போனதே அதுக்குத்தான். சீமைப்பலா செடி. வெஸ்ட் இண்டீஸ்ல கரும்புத் தோட்டத்து அடிமைங்களுக்கு செலவில்லாம சோறு போடணும், அதுக்கு தாஹிட்டில இருந்து ஆயிரத்துக்கு மேல செடி ஏத்துனாங்க. கேப்டன் தங்க வேண்டிய பெரிய ரூமையே நர்சரி ஆக்கிட்டாங்க, அதனால மனுஷங்களுக்கு எடமில்ல, அத்தன பேரும் ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துட்டு நெருக்கடில கெடந்தாங்க. கலகம் ஆனதும் செடியெல்லாம் கடல்ல. பிளை விடல, ரெண்டாவது தடவை போயி செடிய கொண்டு சேத்துட்டாரு, பாத்தா அந்த அடிமைங்க இத திங்க மாட்டோம்னு சொல்லிட்டாங்களாம். இந்தக் கூத்துக்கே தனியா ஒரு படம் எடுக்கலாம்.

கே: கடலே இல்லாத ஜில்லா நம்மது, ஒகேனக்கல் பரிசல தாண்டி எதுலயும் ஏறுனதில்ல. வெள்ளக்காரன் கப்பல் சண்டை நமக்கு எதுக்குண்ணே?
- காலேஜ் ஸ்டூடண்ட், பென்னாகரம்

ப: தம்பி, கலகக்காரங்கள்ல புடிபட்டு போர்ட்ஸ்மவுத் துறைமுகத்துல மூனு பேர தூக்குல போட்டது 1792 அக்டோபர்ல. அதே 1792ல தான் திப்பு கிட்ட இருந்து நம்ம பாராமகால் கும்பினி கைக்குப் போச்சு, தர்மபுரில கும்பினி அதிகாரி மன்றோ வரி போட நெலத்த அளந்துட்டு இருந்த காலம். அங்க கப்பல்ல சாட்டைய எடுத்த அதே சாம்ராஜ்யம்தான் இங்க அளவு சங்கிலிய எடுத்துட்டு வந்துச்சு. பரிசல்ல இருந்தே பாரு, தெரியும்.

கே: பொட்டம்கின் படம் ஊமைப்படம், பிளாக் அண்ட் ஒயிட், அத போயி பசங்களுக்குப் போட்டுக் காட்டலாமா?
- ஒரு அப்பா, அரூர்

ப: தாராளமா. மொத்தமே ஒன்னேகால் மணி நேரம் சொச்சம்தான். ஐசன்ஸ்டைன் 1925ல எடுத்தது, கதை 1905ல ரஷ்யப் போர்க்கப்பல்ல நெஜமா நடந்த கலகம். கறில புழு நெளியுது, டாக்டர் கண்ணாடிய மடிச்சு பூதக்கண்ணாடி மாதிரி புடிச்சு பாத்துட்டு கறி நல்லாதான் இருக்குங்கறாரு, அங்கயே பசங்க கத்த ஆரம்பிச்சுருவாங்க பாருங்க. படிக்கட்டுல ஜனங்கள சுட்டுத்தள்ளுற சீன் மட்டும் சின்னப் பசங்களுக்கு கஷ்டமா இருக்கும், குழந்தை வண்டி தனியா உருளும். ஒடெசா ஊர்ல ஜனங்க செத்தது உண்மை, ஆனா அந்தப் படிக்கட்டுல அப்படி வரிசையா இறங்கி சுடுறது டைரக்டர் கட்டுனது. முடிவும் படத்துல ஜெயிச்ச மாதிரி இருக்கும், நெஜத்துல ருமேனியா துறைமுகத்துல போயி கப்பல ஒப்படைச்சாங்க. அத படம் முடிஞ்சப்புறம் சொல்லுங்க, முன்னாடியே சொல்லி கெடுக்காதீங்க.

கே: நம்ம நாட்டுல இப்படி ஒன்னும் நடக்கலையா?
- கம்பெனி ஷிஃப்ட் வாசகர், ஓசூர்

ப: நடந்துச்சுங்க, பெருசா நடந்துச்சு. 1946 பிப்ரவரி 18, பம்பாய்ல தல்வார்னு கடற்படை பயிற்சி நிலையம், அங்கயும் மட்டமான சாப்பாடு, வெள்ளக்கார கமாண்டர் வாய்க்கு வந்தபடி திட்டுனது. சோறு இல்லைன்னா வேலை இல்லைன்னு உக்காந்தாங்க, ரெண்டு மூனு நாள்ல 78 கப்பல், 20 ஆயிரம் பேருன்னு பரவிருச்சு, கராச்சில பீரங்கிச் சண்டையே நடந்துச்சு. காங்கிரஸும் முஸ்லிம் லீக்கும் சரணடைங்கன்னு சொன்னாங்க, படேல் பேச்ச நம்பி 23ஆம் தேதி முடிச்சுக்கிட்டாங்க. சுதந்திரம் வந்தப்புறமும் நீக்குனவங்கள நேவில திரும்ப சேத்துக்கல. வங்காளத்துல உத்பல் தத் 1965லயே இத நாடகமா போட்டாரு. நம்ம தமிழ்ல வ.உ.சி கப்பலுக்கு 1961ல படம் வந்துச்சு, இதுக்கு அந்த மாதிரி ஒரு பெரிய படம் வரவே இல்ல. எடுக்கறவங்க தயவுசெஞ்சு கமாண்டர மீசைய முறுக்குற வில்லனாக்கி ஹீரோவுக்கு இன்ட்ரோ சாங் வெச்சுறாதீங்க. அந்தப் பசங்களுக்கு ரொம்ப சின்ன வயசு, பெரிய தலைவருங்க எல்லாம் கைவிட்டாங்க, கடைசி ராத்திரி எப்படி முடிவெடுத்தாங்கன்னு அவங்க ஸ்ட்ரைக் கமிட்டி ரூமக் காட்டுங்க போதும்.

கே: எம்ஜிஆரோட ஆயிரத்தில் ஒருவன் இந்த லிஸ்ட்ல வராதா?
- தீவிர ரசிகர், காவேரிப்பட்டணம்

ப: அடிமைங்க தப்பிக்கிறாங்க, கப்பல் இருக்கு, கத்திச்சண்டை இருக்கு, ஆனா சரித்திரம்னு தேடாதீங்க. 1965ல வந்தது, வ.உ.சி படம் எடுத்த அதே பந்துலுதான் டைரக்டர். லிஸ்ட்ல சேக்கலன்னு கோச்சுக்காதீங்க, டிவில போட்டா நானும் சேனல் மாத்த மாட்டேன்.