ஆண்டவரோடு பழகுவது: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் போதகர் இல்லை. பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். முப்பது வருஷமாகச் சண்டே கிளாஸ் எடுத்தவன், அவ்வளவுதான். எனக்கு முன்னால் நடந்தவர்களிடம் கற்றதையும், நானே தடுக்கி விழுந்து தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: ஐயா, எனக்கு நைட் ஷிஃப்ட். காலை ஏழு மணிக்குத்தான் ரூமுக்கு வருவேன். அதிகாலை ஜெபம் இல்லாதவனுக்கு ஆவிக்குரிய வாழ்க்கையே இல்லை என்கிறார்கள். நான் என்ன செய்ய?

தம்பி, முதலில் தூங்கு. மாற்கு 1:35இல் இயேசு அதிகாலையில் இருட்டோடே எழுந்து போய் ஜெபித்தார், உண்மைதான். ஆனால் அதே மாற்கு ஆறாம் அதிகாரத்தில் ஜனங்களை அனுப்பிவிட்டுச் சாயங்காலம் மலைக்குப் போகிறார், லூக்கா 6:12இல் இராமுழுவதும் ஜெபிக்கிறார். மணியைப் பார்க்காதே, தனியாகப் போனார் என்பதைப் பார். நீ மதியம் எழுந்தால் அதுதான் உனக்கு அதிகாலை. எழுந்ததும் போனைக் கையில் எடுப்பதற்கு முன்னால் பத்து நிமிஷம் கொடு. பத்தே நிமிஷம்தான், ஆனால் தினமும். தமிழில் 'பழக்கம்' என்ற ஒரே சொல் தினசரி வழக்கத்துக்கும் வருகிறது, ஒருவரோடு உள்ள பழக்கத்துக்கும் வருகிறது. ஆண்டவர் விஷயத்தில் இரண்டும் தனித்தனி இல்லை என்று எனக்குப் புரிய நாற்பது வயதாகிவிட்டது.

கேள்வி: ஜெபிக்கும்போது 'அப்பா' என்று சொன்னால் மரியாதைக் குறைவா? எங்கள் வீட்டுப் பெரியவர் திட்டுகிறார்.

பெரியவரிடம் மாற்கு 14:36ஐ வாசிக்கச் சொல்லுங்கள். கெத்செமனேயில் இயேசுவே 'அப்பா பிதாவே' என்றுதான் கூப்பிடுகிறார். ரோமர் எட்டிலும் கலாத்தியர் நாலிலும் பவுல் அதே சொல்லை எழுதுகிறார். அது அரமேயச் சொல், நம் அப்பாவோடு ஒலி ஒத்துப்போனது தற்செயல்தான், ஆனாலும் தமிழனுக்கு அது ஒரு பரிசு மாதிரி.

இதோடு சேர்த்து இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜெபம் என்றதும் நம்மில் பாதிப் பேருக்குக் குரலே மாறிவிடுகிறது. 'கிருபையுள்ள எங்கள் பரம பிதாவே, இந்த நல்வேளைக்காக உம்மை ஸ்தோத்திரிக்கிறோம்' என்று ஆரம்பித்து, மூச்சு விடாமல் பிரசங்கத் தமிழில் பத்து நிமிஷம் ஓட்டிவிட்டு, எழுந்த பிறகு என்ன கேட்டோம் என்று நமக்கே நினைவிருக்காது. சபையில் அது இருக்கட்டும், அதற்கும் ஓர் அழகு உண்டு. கதவைப் பூட்டிய பிறகு மட்டும் வீட்டில் பேசுகிற தமிழில் பேசுங்கள். வீட்டு வாடகை ஏறிவிட்டது என்பதை அவரிடம் இலக்கணத்தோடு சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: அண்ணா, ஒரு வருஷமாக ஜெபம் கூரையில் இடித்துத் திரும்பி வருகிற மாதிரி இருக்கிறது. எனக்கு விசுவாசம் குறைந்துவிட்டதா?

தங்கச்சி, சங்கீதம் 88ஐ வாசித்திருக்கிறாயா? பொதுவாக யாரும் பிரசங்கம் பண்ணாத சங்கீதம். மற்றப் புலம்பல் பாட்டுகள் பெரும்பாலும் கடைசியில் எப்படியாவது துதிக்குத் திரும்பிவிடும், இது திரும்பாது. வேண்டியவர்கள் எல்லாரும் விலகிப்போனார்கள் என்று சொல்லி அப்படியே நின்றுவிடும். ஆனால் அந்த மனுஷன் அவ்வளவு இருட்டிலும் பேச்சை நிறுத்தவில்லை, முதல் வரியிலேயே 'என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே' என்று கூப்பிட்டுத்தான் சண்டையை ஆரம்பிக்கிறான். கோபத்தோடு பேசுவதும் பேச்சுதான். அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007இல் புத்தகமாக வந்தபோது பலர் அதிர்ந்து போனார்கள், ஏனென்றால் ஆண்டவர் அருகில் இருக்கிற உணர்வே இல்லாமல் பல பத்தாண்டுகள் அந்த அம்மா ஊழியம் செய்திருக்கிறார். உணர்வு இல்லை என்பதும் உறவு இல்லை என்பதும் ஒன்றல்ல.

இன்னொன்று. 1 இராஜாக்கள் 19இல் எலியா தீர்க்கதரிசி சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்துவிடுகிறான். தேவன் அவனுக்கு உபதேசமா பண்ணினார்? தூதனை அனுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து மறுபடி தூங்கவிட்டார், அப்புறம் இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னார். தேவன் அவனோடு பேசின மெல்லிய சத்தம் அதற்குப் பிறகுதான். நீ சரியாகச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா? மனசு எந்நேரமும் இருண்டே கிடந்தால் டாக்டரையும் பார். அது அவிசுவாசம் இல்லை.

கேள்வி: கர்த்தர் என்னோடு பேசினார் என்று எல்லோரும் சாட்சி சொல்கிறார்கள். என்னோடு மட்டும் பேசவே இல்லை. வேதத்தைக் கண்ணை மூடித் திறந்து, விரல் வைத்த வசனத்தை எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். சீட்டு எடுக்கிற கிளிக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

புது வருஷ ஆராதனையில் எடுக்கிற, வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டையை நான் குறை சொல்லவில்லை, என் வீட்டு அலமாரியிலும் ஒட்டியிருக்கிறது. ஆனால் அட்டையில் அடிக்கடி வருகிற எரேமியா 29:11ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதம். அதற்கு முந்தின வசனத்தில் எழுபது வருஷம் ஆகும் என்று இருக்கிறது. அதுவரை அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்றும் இருக்கிறது. அட்டையில் அதெல்லாம் வராது! ஒருவருடைய பேச்சைப் பாதியில் வெட்டி எடுத்தால் அவரைத் தெரிந்துகொள்ள முடியுமா? சிறுவன் சாமுவேலே கர்த்தர் கூப்பிட்டதை மூன்று தரம் தவறாகப் புரிந்துகொண்டு ஆசாரியன் ஏலியிடம் ஓடினான், கிழவர்தான் எடுத்துச் சொன்னார். உங்களுக்கும் அப்படி ஒரு ஏலி வேண்டும்.

கேள்வி: வேதத்தை ஆதியாகமத்தில் வாசிக்க ஆரம்பித்து லேவியராகமத்தில் நின்றுவிடுகிறேன், மூன்று வருஷமாக.

மாற்குக்குப் போங்கள். பதினாறு அதிகாரம், ஒரே வாரத்தில் முடித்துவிடலாம். லேவியராகமம் எங்கேயும் ஓடிவிடாது.

கேள்வி: நான் இந்துக் குடும்பத்துப் பெண். இயேசுவை நேசிக்கிறேன். வீட்டில் வெளிப்படையாக ஜெபிக்க முடியாது. பக்திப் பாடல்கள் கேட்டு வளர்ந்தேன், அந்த மொழியையும் விட்டுவிட வேண்டுமா?

மகளே, மத்தேயு 6:6இல் அந்தரங்கத்தில் ஜெபிக்கச் சொன்னவருக்கு உன் மௌனம் கேட்கும். பாத்திரம் கழுவிக்கொண்டே பேசு. 17ஆம் நூற்றாண்டில் பாரிஸில், மடத்துச் சமையலறையில் வேலை செய்த சகோதரர் லாரன்ஸ் அப்படித்தான் வாழ்ந்தார். மொழியை ஏன் விட வேண்டும்? வைணவக் குடும்பத்தில் பிறந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை கிறிஸ்துவைக் கம்பன் வழி விருத்தத்தில்தானே பாடினார்? வீட்டில் அம்மா அப்பாவிடம் முன்னைவிட அன்பாக இரு, அவசரப்பட்டுச் சண்டை போடாதே.

கேள்வி: ராத்திரி போனில் பார்க்கக் கூடாததைப் பார்க்கிறேன். மறுநாள் ஜெபிக்கவே கூச்சமாக இருக்கிறது.

ஆதாமும் மரங்களுக்குப் பின்னால்தான் ஒளிந்தான், தேடிக்கொண்டு வந்தவர் அவர். சுத்தமான பிறகு வருகிறேன் என்று காத்திருந்தால் வரவே மாட்டாய், அந்தக் கூச்சத்தோடேயே போய் நில். போனை இரவில் வேறு அறையில் வை. அப்புறம், நம்பகமான ஒரு ஆளிடம் வாய்விட்டுச் சொல், யாக்கோபு 5:16 அதைத்தான் சொல்கிறது. தனியாக ஜெயித்துவிடலாம் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன், என் விஷயம் வேறு, கோபம். மனைவியிடம் சொன்ன பிறகுதான் அது குறையத் தொடங்கியது.

கேள்வி: ஐயா, நீங்கள் எப்படி ஜெபிக்கிறீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள்.

சொல்கிறேன். ஐந்தேகாலுக்கு அடுப்படி நாற்காலியில், கட்டன் சாயாவோடு. ஒரு சங்கீதம், அப்புறம் பேச்சு. சில நாள் கண்ணைச் சொருகிவிடும். இன்றைக்கு மாடி ஒழுகுவதைப் பற்றியும், பேசாமல் இருக்கிற என் தம்பியைப் பற்றியும் சொன்னேன். மாடிக்குக் கொத்தனார் நாளைக்கு வருகிறார். தம்பிக்கு இன்னும் நான் போன் பண்ணவில்லை.