பான்ஷீ 350: த்ராட்டிலை விட்டும் ஆர்பிஎம் இறங்காததற்கு

உங்கள் யமஹா பான்ஷீ நான்கு சக்கர ஏடிவியில் கார்புரேட்டர் ஜெட்டைத் (பெட்ரோல் அளவை நிர்ணயிக்கும் சிறு துளை) தொடாதீர்கள், காற்றுக் கசிவைத் தேடுங்கள். சிலிண்டரை போரிங் செய்து (உட்சுவரைக் கடைந்து) புது பிஸ்டன் போட்ட பிறகு த்ராட்டிலை விட்டும் ஆர்பிஎம் (இன்ஜின் வேகம்) இறங்கவில்லை என்கிறீர்கள். கேபிள் சிக்கவில்லை என்றால், கூடுதல் காற்று எங்கிருந்தோ உள்ளே போகிறது.

என் சந்தேகம் ஸ்டேட்டர் (மின்சாரம் தரும் சுருள்) பக்கத்து கிராங்க் சீல், அதாவது கிராங்க் ஷாஃப்டைச் சுற்றி காற்று புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம். கிளட்ச் பக்கத்துச் சீல் போயிருந்தால் கியர் ஆயிலை உறிஞ்சிப் புகை தள்ளியிருக்கும்.

அந்த சீல் தெரியும்படி ஃப்ளைவீலைக் கழற்றிவிட்டு, எக்ஸாஸ்ட் வாய்களையும் கார்புரேட்டரை மாட்டும் இன்டேக் ரப்பர் குழாய்களையும் அடைத்து இன்ஜினுக்குள் 6 பிஎஸ்ஐ அழுத்தத்துக்குக் காற்றேற்றுங்கள். அழுத்தம் 6 நிமிடம் இறங்காமல் நிற்க வேண்டும். இறங்கினால் சீல் விளிம்பில், சிலிண்டர் அடியில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். கடுகளவு குமிழி வந்தாலும் அங்கேதான் கோளாறு.

அழுத்தத்தை அதற்கு மேல் ஏற்றாதீர்கள், நல்ல சீலும் பிதுங்கிவிடும். அப்புறம், கசிவை அடைக்கும்வரை ரேஸுக்கு எடுக்கவே வேண்டாம். இந்த 2 ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடுதான் ஆயிலும் வருகிறது. கலவை லீன் ஆனால் (காற்று கூடி பெட்ரோல் குறைந்தால்) புது பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.