கேள்வி – பதில்: கதைக்குள் உடையும் காலம்

கேள்வி: 2009 இறுதிப் போர் இடப்பெயர்வில் தப்பிய ஒரு பெண்ணைப் பற்றிச் சிறுகதை எழுதியிருக்கிறேன். பழைய நினைவுகளைச் சாய்ந்த எழுத்தில் போட்டேன். வாசித்தவர்கள் 'படத்தில வாற பிளாஷ்பேக் மாதிரிக் கிடக்கு' என்கிறார்கள். எங்கே பிழை?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: சாய்ந்த எழுத்தில்தான். 'இனி வருவது பழசு' என்று அது வாசகருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. மனவடு உள்ளவருக்கோ அந்த நினைவு வரும்போது எல்லாம் இப்போதே நடக்கிறது. 'பல வருடங்களுக்கு முன்' என்று தொடங்குவதும் இதே பிழைதான்.

முதலில் தூண்டுவதை வையுங்கள். வற்றாப்பளை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்குப் போகிறாள், எங்கோ ஒரு வெடிச்சத்தம். அடுத்தது உடல்: கை தானாகப் பிள்ளையின் தலையை அமுக்குகிறது. நினைவு அதற்குப் பிறகுதான், அதுவும் மூன்று நான்கு வசனம் போதும். பங்கர் மண்ணின் ஈரம், தறப்பாள் படபடப்பு, ஒற்றைச் செருப்பு. திகதியும் ஊர்ப்பெயரும் யார் முதலில் ஓடினார் என்ற விளக்கமும் நுழைந்தால் அது வாக்குமூலம் ஆகிவிடும்.

தமிழில் இதற்கொரு வசதி உண்டு. வினையெச்சங்களை அடுக்கி முற்றுவினையைத் தள்ளிப்போட்டால், வசனம் எந்தக் காலத்தில் நிற்கிறதென்று கடைசிவரை தெரியாது. 'சத்தம் கேட்டு, குனிந்து, பிள்ளையை இழுத்து, மணலில் முகம் புதைத்து...' கோயில் வீதியா, முள்ளிவாய்க்காலா? முற்றுவினையில் வீதிக்குத் திரும்புங்கள். திரும்பும்போது கொஞ்ச நேரம் தொலைந்திருக்க வேண்டும்: ஐஸ்கிறீம் கரைந்து பிள்ளையின் முழங்கைவரை வழிகிறது. எத்தனை நிமிடம் என்று கதைசொல்லி எண்ணக்கூடாது.

கேள்வி: செல் (எறிகணை) விழும் கணம் மெதுவாக நகர்ந்ததாக எழுதலாமா?
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: பிறகு நினைக்கையில் நீளட்டும், நடக்கும்போது வேண்டாம். 2007இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 31 மீற்றர் உயரத்திலிருந்து வலைக்குள் விழுந்தவர்கள் தங்கள் விழுகையை, பிறர் விழுந்ததைவிடச் சராசரி 36 வீதம் நீளமாக மதிப்பிட்டார்கள். ஆனால் விழும்போது, கையில் கட்டிய கருவியில் அதிவேகமாக மாறிய எண்களை வழக்கத்தைவிட நன்றாக வாசிக்க அவர்களால் முடியவில்லை. ஆகவே செல் விழும் இடத்தில் ஒரு வரி; அவள் அதைப் பிறருக்குச் சொல்லும் இடத்தில் ஒரு பக்கம்.

கேள்வி: காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்காகக் காத்திருக்கும் தாயை எழுதுகிறேன். அவளுடைய காலம் நின்றுவிட்டதை எப்படிக் காட்டுவது?
– வாசகி, முல்லைத்தீவு

பதில்: 'காலம் உறைந்தது' என்று மட்டும் எழுதாதீர்கள். உரையாடலில் விடுங்கள். 'அவனுக்குப் புட்டெண்டா நல்ல விருப்பமா இருந்தது, என்ன அக்கா?' 'விருப்பம். இப்பவும் விருப்பம்.' அவளுக்கு அவன் இன்னும் 19 வயதுப் பெடியன். அவனோடு படித்தவன் தன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரட்டும். ஆனால் அவளுடைய எல்லா மணிக்கூடுகளையும் நிறுத்திவிடாதீர்கள். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20இல் போராட்டப் பந்தலில் உட்கார்ந்த தாய்மார், அது எத்தனையாவது நாள் என்று பதாகையில் எழுதி வந்தார்கள். உங்கள் தாய்க்கும் நுண்கடன் கட்டும் கிழமை பிசகாமல் தெரியும். மகன் விடயத்தில் மட்டுமே கணக்கு நிற்கிறது.