மூட்டையில் இருப்பது சுண்ணாம்புக்கல்தானா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு ஏக்கரில் உருளை, முட்டைகோஸ், கேரட் மாற்றி மாற்றிப் போடுகிறேன். மண் வள அட்டையில் பி.எச். 4.9 என்று இருக்கிறது. ஒரு வியாபாரி 50 கிலோ மூட்டையில் 10 மூட்டை சுண்ணாம்புத்தூள் போடச் சொல்கிறார். இன்னொருவர், "ஜிப்சமும் கால்சியம்தான், அது விலை குறைவு" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? (மூட்டையின் படத்தை இணைத்திருக்கிறேன்.)

பதில்: ஜிப்சம் வேண்டாம். பி.எச். எண் குறையக் குறைய மண்ணின் புளிப்பு அதிகம். ஜிப்சத்தில் கால்சியம் இருக்கிறது, ஆனால் அந்தப் புளிப்பை அது மாற்றாது. அது காரத்தன்மை மிகுந்த களர் நிலத்துக்கான மருந்து. உங்களுடையது அதற்கு நேர் எதிரான நோய். புளிப்பை ஆற்றுவது கால்சியம் அல்ல, சுண்ணாம்புக்கல்லில் அதோடு சேர்ந்திருக்கும் கார்பனேட். பி.எச். 5.5-க்குக் கீழே போனால் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேர்நுனியைக் கருக்கும், மணிச்சத்தையும் கட்டிப்போடும். மணிச்சத்துக்காக டி.ஏ.பி. உரம் போட்டாலும் அதில் பெரும்பகுதி பயிருக்குப் போய்ச் சேராததற்கு இது ஒரு காரணம்.

முதல் வியாபாரி சொன்ன பொருள் சரி. அளவை எப்படிச் சொன்னார் என்று தெரியவில்லை. பி.எச். எண்ணை மட்டும் வைத்து அளவு சொல்லவே முடியாது. அதே 4.9 மணல் மண்ணில் கொஞ்சம் தூளிலேயே ஏறிவிடும். மட்கு நிறைந்த உங்கள் மலைமண்ணில் பல மடங்கு கேட்கும். அதற்கென்றே "சுண்ணாம்புத் தேவை" என்று தனிப் பரிசோதனை இருக்கிறது. அட்டையில் எண்ணை அச்சிட்டுக் கையில் கொடுத்துவிட்டு, அதை வைத்து எத்தனை கிலோ போடுவது என்று சொல்லாமல் விட்டால் விவசாயி கடைக்காரரிடம்தான் போய் நிற்பார். ஆய்வகத்தில் மண் கொடுக்கும்போது இந்தப் பரிசோதனையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். முடிவு வரும்வரை ஏக்கருக்கு 1 டன், அதாவது சென்டுக்கு 10 கிலோ என்று தொடங்கலாம்.

ஆனால் அந்த 10 கிலோ, தூய்மையான, நன்றாக அரைத்த கல்லுக்கான கணக்கு. ஏமாற்று நடப்பது இங்கேதான். நீங்கள் அனுப்பிய படத்தில் "கால்சியம் நிறைந்தது" என்பதைத் தவிர எதுவும் இல்லை. உங்களுக்கு வேண்டியது இரண்டே எண்கள்: புளிப்பை ஆற்றும் திறன் எத்தனை சதவீதம், 60 மெஷ் சல்லடையில், அதாவது கால் மில்லிமீட்டர் கண்ணில், எவ்வளவு இறங்கும்.

ஒரே கல்லை ஒவ்வொரு தொழிலும் ஒவ்வொரு மாதிரி அரைக்கிறது. முட்டைக்கோழித் தீவனத்துக்குக் குருணையாக வேண்டும். கோழியின் வயிற்றில் மெதுவாகக் கரைவதுதான் அங்கே நல்லது. பெயின்ட், பி.வி.சி. குழாய்க்குப் பவுடர் போல வேண்டும். விற்காமல் தேங்கிய குருணையும் கிரஷர் தூசியும் "விவசாயச் சுண்ணாம்பு" என்ற பெயரில் மலையேறி வருகின்றன. 60 மெஷ்ஷில் இறங்கும் தூள் முழுப் பலன் தரும். அதற்கும், கண் பெரிதான 8 மெஷ்ஷுக்கும் இடைப்பட்டது பாதிப் பலன். 8 மெஷ்ஷில் தங்குவது வெறும் கல்.

கணக்குப் பாருங்கள். தூய்மை, அதாவது புளிப்பை ஆற்றும் திறன், 80 சதவீதம். தூளில் பாதி 60 மெஷ்ஷில் இறங்குகிறது, மீதிப் பாதி நடுத்தரம். அரைப்பின் மதிப்பு 75 சதவீதம். இரண்டையும் பெருக்கினால் 60. ஆக 1 டன்னுக்குப் பதில் கிட்டத்தட்ட 1.7 டன் போடவேண்டும், சென்டுக்கு 17 கிலோ. வண்டி வாடகையையும் சேர்த்துப் பார்த்தால் விலை குறைந்த மூட்டைதான் பெரும்பாலும் அதிகம் செலவு வைக்கிறது.

வாங்குமுன் ஒரு மூட்டையைப் பிரித்துச் சோதியுங்கள். 10 கிராம் தூளை அரை லிட்டர் வினிகரில் போட்டு, அவ்வப்போது கலக்கி, ஓர் இரவு வையுங்கள். நல்ல சுண்ணாம்புக்கல் பொங்கிக் கரையும். ஜிப்சமும் கருங்கல் தூசியும் பொங்காது. அடியில் தங்கியதைக் காயவைத்து எடைபோடுங்கள். இரண்டரை கிராமுக்கு மேல் இருந்தால் வாங்காதீர்கள். மெக்னீசியமும் கலந்த டோலமைட் கல் மட்டும் மெதுவாகக் கரையும், அதற்கு இரண்டு நாள் கொடுங்கள். அடி இலைகளில் நரம்பு பச்சையாக இருக்க இடைப்பகுதி மஞ்சளாகிறது என்றால் மெக்னீசியம் குறைவு. அப்போது டோலமைட்டே நல்லது.

இனி உருளை. இதைக் கவனமாகப் படியுங்கள். உருளை நடுமுன் சுண்ணாம்பு போடாதீர்கள். கிழங்கின் தோலில் சொறி வரவைக்கும் நுண்ணுயிர் 5.2-க்குக் கீழான புளிப்பில் அடங்கிக் கிடக்கும்; பி.எச். ஏறினால் எழும்பும். விளைச்சல் குறையாது, ஆனால் சொறிக்கிழங்கு மண்டியில் விலை போகாது. அதனால் உருளை எடுத்தபின், கோஸ் நடுமுன் போடுங்கள். கோஸுக்கு அது இரட்டை லாபம்: வேர் வீங்கும் கிளப் ரூட் நோய் புளிப்பு மண்ணில்தான் ஆடும். கோஸ், கேரட் முடிந்து மீண்டும் உருளை வரும்போது புளிப்பு ஓரளவு திரும்பியிருக்கும். உருளையும் கோஸும் ஒரே ஏக்கரில் இருப்பதால் 6.5-க்கு ஏற்ற ஆசைப்படாதீர்கள், 5.5-ஐத் தாண்டினால் போதும்.

போடும் முறை: காற்றில்லாத காலையில், பாதியை நீளவாக்கிலும் பாதியைக் குறுக்காகவும் தூவி, 15 செ.மீ. ஆழம்வரை கொத்திக் கலக்குங்கள். மேலே தூவி விட்டால் மேலேயே கிடக்கும். மண் ஈரமாக இருக்கவேண்டும். நடவுக்கு ஒரு மாதம் முன்பு போடுங்கள். யூரியா, அமோனியம் சல்பேட், பச்சைச் சாணம் எதையும் இதோடு கலக்காதீர்கள், தழைச்சத்து அமோனியாவாகப் பறந்துவிடும். மூன்று வார இடைவெளி விடுங்கள். சுட்ட சுண்ணாம்பை "வேகமாக வேலை செய்யும்" என்று யாராவது தந்தால் வாங்காதீர்கள். கையைச் சுடும், அளவு தப்பினால் பயிரையும் சுடும்.

அமோனியம் சல்பேட் போடும் பழக்கம் இருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள். அதன் 100 கிலோ உண்டாக்கும் புளிப்பை ஆற்ற 110 கிலோ சுண்ணாம்புக்கல் வேண்டும். ஓராண்டு கழித்து, வயலில் பதினைந்து இடங்களில் 15 செ.மீ. ஆழத்துக்கு மண் எடுத்து, கலந்து, அரைக் கிலோவை ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். தூள் குவித்து வைத்திருந்த இடத்தில் மண் எடுக்காதீர்கள்.