தென்னாப்பிரிக்கா சுற்றுலாவுக்கு மடக்குக் கத்தி கொண்டு வரலாமா?

சென்னையிலிருந்து டர்பனில் அத்தை வீட்டுக்கு வந்து, அப்புறம் டிராகன்ஸ்பர்க் மலையேறப் போகிறீர்கள். சுவிஸ் கத்தி கொண்டு வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வரலாம், செக்-இன் பெட்டியில் வைத்து. கைப்பையில் இருந்தால் விமான நிலையச் சோதனையிலேயே பிடுங்கிக்கொள்வார்கள்.

"இத்தனை அங்குலம் வரை சரி" என்ற கணக்கை மட்டும் இங்கே தேடாதீர்கள். 2013ஆம் ஆண்டின் அபாயகர ஆயுதச் சட்டம் கத்தியின் நீளத்தைப் பார்ப்பதில்லை, சூழலைப் பார்க்கிறது. தப்பான காரியத்துக்குத்தான் வைத்திருக்கிறார் என்று நியாயமான சந்தேகம் வரும்படி இருந்தால் குற்றம். அபராதம் அல்லது 3 ஆண்டு வரை சிறை. இடம், நேரம், நீங்கள் நடந்துகொண்ட விதம், கத்தியை எப்படி வைத்திருந்தீர்கள் என்பதெல்லாம் கணக்கில் வரும். மலை முகாமில் பில்டாங் (இங்கத்திய உப்பிட்டு உலர்த்திய இறைச்சி) நறுக்கினால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார். அதையே ராத்திரி மதுக்கடை வாசலில் இடுப்பில் செருகி நின்றால் பேச்சே வேறு.

வேலை, விளையாட்டு, சமயச் சடங்குகளுக்கு விலக்கு உண்டு. காவடி எடுக்கும் நம்மவர்கள் வேலும் அலகுமாகப் போவது அதனால்தான் பிரச்சினை இல்லை. ஊர்வலம், ஆர்ப்பாட்டம் பக்கம் கத்தியோடு போகவே வேண்டாம், அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது.

திரும்பும்போது லண்டன் போவதாக இருந்தால் கவனம். அங்கே காரணமில்லாமல் வைத்திருக்கலாம் என்பது 3 அங்குலத்துக்கு மேற்படாத, விரித்ததும் அலகு பூட்டிக்கொள்ளாத மடக்குக் கத்தி மட்டும்தான்.