தலைய அளந்துட்டு கடைக்குப் போங்க

கேள்வி: அண்ணே, தினமும் திருமங்கலத்துலருந்து மாட்டுத்தாவணி பக்கம் பைக்ல வேலைக்கு வர்றேன். ஹெல்மெட் போட்ட கொஞ்ச நேரத்துல நெத்தி நடுவுல வலி வந்துருது, கழட்டிப் பாத்தா செவப்பா கோடு விழுந்து கிடக்கு. கடைக்காரர் சொன்னாருன்னு ஒரு சைஸ் பெருசா மாத்துனேன். வலி போச்சு, ஆனா இப்ப ரிங் ரோட்டுல கொஞ்சம் வேகமா வந்தாலே காத்து தூக்குது, தலைய திருப்புனா ஹெல்மெட் கூட வர மாட்டேங்குது. எதத்தான்ணே போடுறது?
- திருமங்கலம் வாசகர்

பதில்: தம்பி, மொதல்ல அந்தப் பெரிய ஹெல்மெட்ட போட்டுட்டு ரோட்டுக்கு வராதீங்க. விழும்போது தலையில நிக்காத ஹெல்மெட்டால ஒரு பிரயோசனமும் கிடையாது. உங்களுக்கு சைஸ் தப்பில்ல, வடிவம்தான் தப்பு, இத நம்ம ஊரு கடையில யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க.

எல்லாத் தலையும் ஒரே மாதிரி இருக்காது. மேலருந்து பாத்தா சிலருக்கு உருண்டையா இருக்கும், சிலருக்கு நெத்திலருந்து பின்மண்டை வரைக்கும் நீளமா இருக்கும், நிறைய பேருக்கு ரெண்டுக்கும் நடுவுல. முடிய தண்ணி போட்டு நல்லா படிய வச்சுட்டு வீட்டுல யாரையாவது உச்சிக்கு நேரா ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்க, தெரிஞ்சிரும். உங்களுக்கு நெத்தி மட்டும் வலிக்குதுன்னா பெரும்பாலும் உங்க தலை நீளம், ஹெல்மெட்டோட உள்பக்கம் உருண்டை. பெரிய சைஸ் போட்டதும் நெத்தியில இடம் கிடைச்சுச்சு, ஆனா ரெண்டு பக்கமும் காலியாயிருச்சு, அதான் ஆடுது. இதே ரெண்டு பக்கப் பொட்டுல வலிக்குதுன்னா கதை தலைகீழ், உருண்டைத் தலைக்கு நீள ஹெல்மெட் மாட்டியிருக்குன்னு அர்த்தம். அதனால பழைய சைஸ்லயே வேற மாடல், வேற கம்பெனி போட்டுப் பாருங்க, ஒவ்வொரு கம்பெனிக்கும் உள் அச்சு வேற வேற.

தையல்காரர் வச்சிருக்கிற இன்ச் டேப்ப புருவத்துக்கு ஒரு இன்ச் மேல வச்சு, காதுக்கு மேலாப்புல கொண்டு போயி, பின்மண்டையில எங்க ரொம்ப துருத்திட்டு இருக்கோ அங்க சுத்தி அளங்க. ஹெல்மெட்டுக்குள்ள ஸ்டிக்கர்ல 580, 600னு போட்டிருக்கும்ல, அது மில்லிமீட்டர், அதாவது 58 சென்டிமீட்டர், 60 சென்டிமீட்டர். நிறைய கம்பெனியில 580ன்னா எம், 600ன்னா எல், ஆனா எழுத்த நம்பாதீங்க, நம்பர பாருங்க.

கடையில போட்ட உடனே கழட்டக் கூடாது, இதுதான் எல்லாரும் விடுற இடம். போட்டுட்டு அங்கயே கால் மணி நேரம் நில்லுங்க, கடைக்காரர் மொறைச்சாலும் பரவால்ல, காசு நம்மளது, தலையும் நம்மளது. புதுசுல கன்னம் நல்லா அமுங்கணும், பேசுனா கன்னத்து உள்சதை பல்லுல லேசா கடிபடுற அளவுக்கு இருந்தாலும் சரிதான். ஏன்னா கன்னத்துல இருக்கிறது ஸ்பாஞ்சு, ஓட்ட ஓட்ட அது படிஞ்சு இறுக்கம் குறையும். நெத்திப் பக்கம் மெல்லிசா துணியும் ஸ்பாஞ்சும்தான், அதுக்குப் பின்னாடி இருக்கிறது கெட்டித் தெர்மாகோல், அது படியாது, அதனால "போகப் போக சரியாயிரும் சார்"ங்கிறத கன்னத்துக்கு நம்புங்க, நெத்தி வலிக்கு நம்பாதீங்க. வலிக்கிற இடத்துல தெர்மாகோல பிளேடால செதுக்குற ஆளுங்களும் இருக்காங்க, அந்த வேலை மட்டும் வேணாம், அடிய வாங்கி நசுங்குறதே அந்தத் தெர்மாகோல்தான்.

அப்புறம் ஹெல்மெட்ட கையால புடிச்சு இடம் வலம் திருப்பிப் பாருங்க, கன்னத்துத் தோலும் நெத்தித் தோலும் கூடவே இழுபடணும். கடைசியா தாடை வார மாட்டி, தாடைக்கும் வாருக்கும் நடுவுல ரெண்டு விரல் போற மாதிரி இறுக்கிட்டு, கூட வந்தவர பின்கழுத்துப் பக்கம் விளிம்பப் புடிச்சு முன்னால உருட்டித் தள்ளச் சொல்லுங்க. கழண்டு வந்துச்சுன்னா அத அங்கயே வச்சுட்டு அடுத்தத எடுங்க.

ரோட்டோரமா கயித்துல தொங்கவிட்டு விக்கிறாங்களே, அது விலை குறைச்சல்னு நின்னு வாங்கிராதீங்க. 2021 ஜூன் 1லருந்து ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத டூவீலர் ஹெல்மெட்ட விக்கிறதே சட்டப்படி தப்பு. முத்திரைக்கு மேல ஐஎஸ் 4151ன்னும், கீழ சிஎம்/எல்னு ஒரு நம்பரும் இருக்கும், அந்த நம்பர போன்ல பிஐஎஸ் கேர் ஆப்ல (ஐஎஸ்ஐ முத்திரை குடுக்கிற அரசு நிறுவனத்தோட ஆப்) போட்டா லைசென்ஸ் எந்தக் கம்பெனிக்குன்னு வந்துரும், டப்பாவுல இருக்கிற பேரும் அதுவும் ஒண்ணான்னு பாருங்க.

கேள்வி: ஸ்கூட்டில ஸ்கூலுக்குப் போறேன், நான் டீச்சர். கொண்டை போட்டா ஹெல்மெட் இறங்கல, பூ வச்சா கசங்கிருது, கண்ணாடி வேற போட்டிருக்கேன். அரை ஹெல்மெட் வாங்கிக்கலாமா?
- விளாங்குடி வாசகி

பதில்: அரை ஹெல்மெட்டுல தாடையும் மூஞ்சியும் மொத்தமா வெளிய கிடக்கும், வேணாங்க டீச்சர். கொண்டைய ஸ்கூல்ல போய் போட்டுக்கலாம், வண்டில போறப்ப கழுத்தோட தாழ்வா ஒத்தப் பின்னல் போதும். கொண்டை மேல ஹெல்மெட்ட அழுத்துனா அது முன்னால சாஞ்சு கண்ண மறைக்கும். மல்லியப்பூவ டப்பாவுல எடுத்துட்டுப் போய் இறங்குனதும் வச்சுக்கங்க, நம்ம ஊரு பூ அதுக்குள்ள வாடிறாது. கண்ணாடிய கழட்டிட்டு ஹெல்மெட்ட மாட்டி, அப்புறம் கண்ணாடிய சொருகுங்க, வாங்கும்போதும் அப்படியே போட்டுப் பாருங்க. காதுகிட்ட வளைவு குறைஞ்ச நேர் காம்பு பிரேம்னா சுலபமா உள்ள போகும்.

கேள்வி: வெயில்ல வேர்த்து ஹெல்மெட் நாறுதுண்ணே. என்ன செய்யலாம்?
- மேலூர் வாசகர்

பதில்: உள்துணி கழட்டுற மாதிரி மாடலா வாங்குங்க, நம்ம மதுரை வெயிலுக்கு அது ரொம்ப அவசியம். ஷாம்பு கலந்த தண்ணில கையால அலசி நிழல்ல காயப் போடணும். உள்ள மெல்லிசு காட்டன் துணி கட்டிக்கிட்டா வேர்வை அதோட போயிரும், ஆனா ஹெல்மெட் வாங்கும்போதே அத கட்டிக்கிட்டு அளவு பாக்கணும். பெட்ரோல், தின்னர் வச்சு வெளி ஓட்டைத் தொடைக்காதீங்க, பிளாஸ்டிக்க அது கெடுத்துரும். வண்டிய நிறுத்திட்டு கண்ணாடிக் கம்பியில மாட்டி வைக்கிற பழக்கத்தையும் விட்ருங்க, உள்ள தெர்மாகோல்ல குழி விழுந்துரும்.

கேள்வி: பையனுக்கு 6 வயசு, பின்னாடி உக்காந்து வர்றான். அவனுக்கும் வேணுமா? என்னோட பழசு ஒண்ணு சும்மா இருக்கு.
- சோழவந்தான் வாசகர்

பதில்: கட்டாயம் வேணும். 4 வயசுக்கு மேல பின்னாடி உக்கார்ற எல்லாருக்கும் ஹெல்மெட்னு மோட்டார் வாகனச் சட்டம் 129வது பிரிவே சொல்லுது. உங்க பழச மட்டும் போட்டு விடாதீங்க, அவன் தலையில அது சுத்திக்கிட்டே இருக்கும், கனத்துல சின்னக் கழுத்தும் வலிக்கும், ஒரு தடவ கீழ விழுந்து அடிபட்டதா இருந்தா உள்ள நசுங்கியிருக்கிறது வெளிய தெரியவும் செய்யாது. பிள்ளைங்க சைஸ்லயே தனியா வருது. பையனையும் கூட்டிட்டுப் போயி, அவன் தலைய அளந்து, மாட்டி விட்டு, அவனையே தலைய ஆட்டிக் காட்டச் சொல்லி வாங்குங்க. "வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் பெருசா குடுங்க"ன்னு சட்டை வாங்குற மாதிரி கேட்கக் கூடாது. வளர்ந்தா அடுத்தது வாங்கிக்கலாம், ஸ்கூல் திறக்குறப்ப ஒருக்கா டேப்ப வச்சு பாத்துக்கங்க.